பொறியில் விழும் எலியும் காக்கப்படும் எலியும்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் கேட்டது சிறியது. உப்புவெளியில் தரம் நான்கில் படிக்கும் உங்கள் மகளுக்கு இலங்கைக்கே உரிய விலங்கு ஒன்றைப் பற்றி ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். சீட்டு எடுத்ததில் அவளுக்கு வந்தது மலைக்காட்டில் வாழும் ஒரு சிறிய எலி. தமிழில் அதைப் பற்றி எதுவும் கிடைக்கவில்லை, பிள்ளைக்கு விளங்கும்படி யாராவது எழுதித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், மகள் உங்களிடம் கேட்டதையும் எழுதிவிட்டீர்கள்: “நாங்கள் வீட்டில் எலிக்குப் பொறி வைக்கிறோம். மலையில் எலியைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். இரண்டும் எலிதானே, அப்பா?” உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். ஒப்படைக்கு வேண்டிய செய்திகளையும் தருகிறேன். ஆனால் அவள் கேட்ட அந்த ஒன்றுக்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளில் இருபத்தேழு ஆண்டுகள் விலங்கியல் படிப்பித்தவன். அதற்கு முன், பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், மலைக்காட்டுச் சிறு விலங்குகளைக் கணக்கெடுத்த ஒரு குழுவோடு இரண்டு பருவங்கள் உதவியாளனாக அலைந்திருக்கிறேன். எலிகளையே ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவன் அல்லேன். ஆகவே எது உறுதியாகத் தெரிந்த செய்தி, எது உறவினங்களைப் பார்த்துச் செய்யும் ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். மகளின் கொப்பியிலும் அந்த வேறுபாடு இருந்தால் நல்லது.

முதலில் ‘எலி’ என்ற சொல்லைப் பார்ப்போம். அந்த இரண்டெழுத்துக்குள் எத்தனை விலங்குகளை அடைத்துவைத்திருக்கிறோம்! குசினியில் அரிசி மூட்டையைக் கடிப்பது சுண்டெலி. இரவில் ஓட்டுக்கூரையில் தடதடவென்று ஓடுவது அதைவிடப் பெரிய வீட்டெலி. மழைக்காலத்தில் கானுக்குள்ளிருந்து வெளியே வந்து பூனையையே மிரட்டுவது பெருச்சாளி. தம்பலகாமத்து வயல் வரம்புகளில் வளை தோண்டுகிறவை வேறு. சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு போகும், ஒரு வாடையை விட்டுச் செல்லும் மூஞ்சூறு எலியே அன்று. பிள்ளையாரின் வாகனம் என்று நாம் கும்பிடும் அந்த மூஞ்சூறைத்தான் சொல்கிறேன். பறவை என்று ஒரே சொல்லைச் சொல்லிக் காகத்தையும் மயிலையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. எலி விடயத்தில் மட்டும் குழப்பிக்கொள்கிறோம், ஏனென்றால் அவற்றை நாம் நின்று பார்ப்பதில்லை, விரட்டத்தான் பார்க்கிறோம்.

உங்கள் மகளுக்கு வந்திருக்கும் எலி, விவரங்களை வைத்துப் பார்த்தால், விஞ்ஞானிகள் ‘முஸ் மேயோரி’ என்று அழைக்கும் இனம். தமிழில் மேயரின் சுண்டெலி என்று எழுதலாம். நகரத்து மேயருக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை வகுப்பில் யாராவது சிரிக்கும் முன்பே அவள் சொல்லிவிடட்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவிலும் இலங்கையிலும் என்னென்ன பாலூட்டிகள் வாழ்கின்றன என்று பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. அதற்காக இலங்கையில் விலங்குகளைச் சேகரித்த இராணுவ அதிகாரி ஒருவரின் குடும்பப் பெயர் மேயர். இலண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த ஓல்ட்ஃபீல்ட் தோமஸ் என்ற அறிஞர் 1915இல் இந்த எலியைப் புதிய இனம் என்று விவரித்து, அவர் பெயரையே அதற்கு வைத்தார். மலையில் வாழ்ந்தவர்களின் கண்ணில் அதற்கு முன்பே அது பட்டிருக்கும். உலகத்துப் புத்தகங்களில் அது ஏறியது அந்த ஆண்டில்தான்.

உடல், மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை, ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர். வாலும் கிட்டத்தட்ட அவ்வளவு, சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். முதுகு செம்மை கலந்த கருஞ்சாம்பல் அல்லது கரும்பழுப்பு, வயிறு கொஞ்சம் வெளிறியது. இரவில் நடமாடும். மரக்கிளைகளில் தாவித் திரியும் விலங்கு அன்று. காட்டின் தரையிலே, இலைக்குப்பைக்கும் வேர்களுக்கும் இடையே வாழ்கிறது. உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. இலங்கையிலும் மத்திய மலைநாட்டுக் காடுகளிலும் தென்மேற்கு ஈரவலயக் காடுகளிலும் மட்டுந்தான். மலையில் வாழ்வதும் தாழ்வான மழைக்காட்டில் வாழ்வதும் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடுவதால் இரண்டு துணையினங்களாகப் பிரித்திருக்கிறார்கள். திருகோணமலைக் காட்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

முதன்முதலாக அதைப் பக்கத்தில் பார்த்த காலையை இங்கே சொல்லியாக வேண்டும். ஹோட்டன் சமவெளியின் ஓரம். முதல் நாள் மாலை, உயிரோடு பிடிக்கும் சிறு அலுமினியப் பெட்டிகளைப் பன்னங்களுக்கு நடுவே வைத்திருந்தோம். உள்ளே சுட்ட தேங்காய்த் துண்டும், குளிர் தாங்க ஒரு பிடி பஞ்சும். இதற்கெல்லாம் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் யாரும் செய்யக்கூடாது, செய்தால் சட்டப்படி குற்றம். விடியும் முன் பனிமூட்டத்துக்குள் போனோம். எங்களோடு வந்தவர் அருகிலிருந்த தோட்டத்து லயனில் வாழ்ந்த ஒரு பெரியவர். பெட்டியைக் கையில் எடுத்த உடனேயே, திறக்காமலேயே, “உள்ளே ஆள் இருக்கு, தம்பி” என்றார். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் பனித்துளி காய்ந்திருந்தது. உள்ளே இருந்த உயிரின் சூடு அந்த மூலையைத் துடைத்திருந்தது.

அதைத் தெளிந்த பிளாஸ்ரிக் பை ஒன்றுக்குள் மெல்ல இறக்கினோம். நான் எதிர்பார்த்தது வீட்டுச் சுண்டெலியின் முகத்தை: துருத்திய கரிய கண்கள், அகலக் காதுகள். இதற்குக் கண் சின்னது, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது என்று சொல்லத் தோன்றும் அளவு. மூக்கு முன்னே நீண்டிருந்தது. ஒரு கணம் மூஞ்சூறு என்றே எண்ணிவிட்டேன். மீசை மயிர்கள் நிற்காமல் முன்னும் பின்னும் துடித்தன. இருட்டில் வாழும் எலிக்கு மீசைதான் விரல். அதனால் தொட்டுத் தொட்டுத்தான் அது உலகத்தைப் படிக்கிறது. நிறுத்து, அளந்து, எழுதி முடித்ததும் பிடித்த இடத்திலேயே விட்டோம். ஓடவில்லை. இரண்டு மூச்சு நேரம் அப்படியே குந்தியிருந்தது. பிறகு ஒரு வேருக்கு அடியில் நுழைந்தது, அவ்வளவுதான். அது போன இடத்தில் ஒரு இலை மட்டும் அசைந்து நின்றது.

மகள் முள்ளம்பன்றி மாதிரி முள் வைத்து அதை வரைந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் எங்கோ ‘முள் எலி’ என்று கேட்டிருப்பாள். கேட்டது முழுப் பிழையும் அன்று. இந்த எலியின் மென்மயிருக்கு நடுவே தட்டையான, விறைப்பான மயிர்கள் கலந்திருக்கின்றன. தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். எதிர்ப் பக்கமாகத் தடவினால் சொரசொரக்கும். கையில் குத்தாது, இரத்தம் வராது, சிலிர்த்து நிற்காது. ஆகவே முள் என்பதைவிட முள்மயிர் என்பது சரி. அது எதற்கு? இங்கேதான் உறுதி முடிந்து ஊகம் தொடங்குகிறது. மழைநீர் உடலோடு ஒட்டாமல் வழிந்தோட உதவும் என்று சிலரும், கடிக்க வரும் விலங்கின் வாய்க்கு இடைஞ்சலாக இருக்கும் என்று சிலரும் சொல்கிறார்கள். முள்மயிர் கொண்ட எலிகள் வறண்ட பாறை நிலங்களிலும் வாழ்வதால், மழை ஒன்றே காரணம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒப்படையில் “காரணம் இன்னும் ஆராயப்படுகிறது” என்று எழுதினால் புள்ளி குறையாது. குறைத்தால் அந்த ஆசிரியரோடு நானே கதைக்கிறேன்.

உணவு பற்றியும் இதே எச்சரிக்கை. காட்டுத் தரையில் வாழும் இத்தகைய எலிகள் விதைகளையும் உதிர்ந்த பழங்களையும் சிறு பூச்சிகளையும் தின்கின்றன. மேயரின் சுண்டெலியும் அப்படித்தான் என்று கொள்வது நியாயமான ஊகம். எங்கள் பெட்டிக்குள் வைத்த தேங்காயைத் தின்றது என்பது உறுதி, ஆனால் மலைக்காட்டில் தென்னை இல்லை. பொறிக்குள் தின்றதை வைத்து, காட்டில் அது இதைத்தான் தேடித் தின்னும் என்று எழுதக்கூடாது.

பற்களைப் பற்றிச் சொல்வதில் எந்த ஐயமும் இல்லை, பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். எலிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று உளிபோன்ற நான்கு முன்பற்கள். அவை சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்பக்கம் மட்டும் கடினமான, செம்மஞ்சள் நிற மிளிரி (எனாமல்). பின்பக்கம் அதைவிட மென்மையானது. கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் முதலில் தேய்கிறது, முன்பக்கம் கூராக நிற்கிறது. தச்சன் உளியைத் தீட்ட வேண்டும். எலியின் உளி வேலை செய்யும்போதே தன்னைத் தீட்டிக்கொள்கிறது. முன்பற்களுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம், அதற்கும் பின்னால் பன்னிரண்டு கடைவாய்ப் பற்கள். மொத்தம் 16. நம் வீட்டு மூஞ்சூறின் வாயில் இருப்பது 30. கூரிய சிறு பற்கள், பூச்சி நொறுக்கும் பற்கள், உளி கிடையாது. அரிசிச் சாக்கைக் கடித்துக் கிழித்தது யார் என்று வழக்கு வந்தால், மூஞ்சூறை விடுதலை செய்துவிடலாம். அது சாக்குக்குப் பக்கத்தில் கரப்பான் தேடி வந்தது.

இதை வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுத்த வேலை. இரவு படுக்கும் முன், ஒரு பெரிய தட்டில் கோதுமை மாவை மெல்லிய படலமாகச் சலித்துத் தூவி, குசினிச் சுவரோரம் வையுங்கள். நடுவில் ஒரு சிறு கருவாட்டுத் துண்டு. காலையில் மகளோடு குனிந்து, ரோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து வெளிச்சம் பிடித்தால் அடிகள் தெரியாது. எலியின் முன்காலடியில் நான்கு விரல், பின்காலடியில் ஐந்து. மூஞ்சூறுக்கு நான்கு கால்களிலும் ஐந்தைந்து. இந்தக் கணக்கு மலையிலும் மாறாது. மூஞ்சூறு போல் முகம் வைத்திருந்த அந்த மலைச் சுண்டெலியை எலிதான் என்று நான் நம்பியது முன்காலில் நான்கு விரலை எண்ணிய பிறகு. பார்த்து முடிந்ததும் மாவைக் கொட்டிவிட்டு, தட்டையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

அப்படியானால் இந்த எலி ஏன் மலையில்? நம் ஊரையும் அந்த ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிள்ளைக்கு விளங்கும். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறைகிறது. ஹோட்டன் சமவெளி சுமார் 2,100 மீற்றர் உயரம். திருகோணமலையில் 30 பாகை என்றால் அங்கே 16 பாகை என்று மனக்கணக்கிலேயே சொல்லலாம். தை, மாசி இரவுகளில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. நமக்குக் கச்சான் காற்று அனலாய் வீசி, புல் கருகி, நிலம் வெடிக்கும் மாதங்களில், தென்மேற்குப் பருவமழை அங்கே மலையை நனைத்துக்கொண்டிருக்கும். சின்னக் கோப்பைத் தேநீர் சீக்கிரம் ஆறிவிடும், பெரிய குடத்து வெந்நீர் மெல்லத்தான் ஆறும், இல்லையா? சுண்டெலி சின்னக் கோப்பை. உடற்சூடு வேகமாக வெளியேறுவதால், உடலுக்கு ஏற்ற அளவில் பார்த்தால் நம்மைவிட மிக அதிகம் தின்ன வேண்டும், ஒதுங்க ஓர் உலர்ந்த இடமும் வேண்டும். ஆழமான இலைக்குப்பையும் பாசியும் வேர்ப் பொந்துகளும் உள்ள பழைய காடு அதைக் கொடுக்கிறது. தேயிலை நிரைக்கு நடுவே அது கிடைக்காது.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மேயரின் சுண்டெலிக்கு உறவினர்கள் இருக்கிறார்கள். அதே துணைப்பேரினத்தை, அதாவது சுண்டெலிகளுக்குள் அதே கிளையை, சேர்ந்த ஒரு சுண்டெலி நீலகிரி மலையில் வாழ்கிறது. அதை 1898இல் விவரித்தார்கள். இன்னொன்று இமயமலை அடிவாரத்திலிருந்து வியட்நாம் வரை. மற்றொன்று சுமாத்திராவின் மலைகளில், வேறொன்று ஜாவாவின் மலைகளில். எல்லோரும் நீள்மூக்கு, சிறுகண், பெரும்பாலும் மலைவாசிகள். இடையில் கடல் கிடக்கிறது, அதைவிடப் பெரிய தடையாக வெப்பச் சமவெளி கிடக்கிறது. பாக்கு நீரிணை ஆழமற்றது. பனியூழிக் காலங்களில் கடல்மட்டம் இறங்கியபோது இலங்கையும் இந்தியாவும் தரையால் இணைந்திருந்தன. யானையும் மானும் நடந்து வரலாம். ஆனால் குளிர்ந்த ஈரக் காட்டில் வாழும் விரலளவு விலங்குக்கு, வறண்ட தாழ்நிலத்தைக் கடப்பது நமக்குக் கடலை நீந்திக் கடப்பது போன்றது. இந்த உறவினங்கள் எந்தக் காலத்தில், எந்த வழியாகப் பிரிந்தன என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. பிரிந்த பிறகு ஒவ்வொரு மலையிலும் தனித்தனி இனமாக நிலைத்துவிட்டன என்பது மட்டும் உறுதி. நம் முன்னோர் நிலத்தைப் பிரித்தபோது மலையைக் குறிஞ்சி என்றும் கடற்கரையை நெய்தல் என்றும் சொன்னார்கள். உங்கள் மகள் நெய்தல் பிள்ளை. அவளுக்குச் சீட்டில் வந்தது குறிஞ்சி எலி. இடையே இருக்கும் முல்லையையும் மருதத்தையும் அதனால் தாண்டி வர முடியாது.

குறிஞ்சி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நீலகிரியில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்த செடிகளை இலங்கை மலையில் ‘நெலு’ என்கிறார்கள். 2013இல் ஹோட்டன் சமவெளி நெலுப் பூவால் நிறைந்ததைப் பலர் போய்ப் பார்த்தார்கள். அந்தச் செடியின் பெயரால் ‘நில்லு எலி’ என்று அழைக்கப்படும் வேறோர் எலியும் அந்த மலையில் உண்டு, அதுவும் இலங்கைக்கே உரியது. ஓகியா என்ற புகையிரத நிலையத்தின் பெயரைத் தாங்கிய இன்னொரு எலிக்கு, உலகில் நெருங்கிய உறவே இல்லை என்பதால், 1981இல் இலங்கையின் பெயரிலேயே தனிப் பேரினம் வகுத்தார்கள். முள்மயிர் கொண்ட இரண்டாவது சுண்டெலி ஒன்றும் இங்கு உண்டு, 1932இல் விவரிக்கப்பட்டது. இரண்டுக்கும் முள்மயிர் இருப்பதால் உடன்பிறப்புகள் என்று எண்ணிவிட வேண்டாம், அது வேறு கிளை. ஒப்படையில் படம் ஒட்டும்போது இந்த இரண்டையும் மாற்றி ஒட்டிவிடும் ஆபத்து உண்டு.

மலைநாட்டுச் சிறு விலங்குகளை முதலில் ஒழுங்காக எழுதியவர்களில் ஒருவர் கெலார்ட் என்ற, இலங்கையில் பிறந்த இராணுவ மருத்துவர். அங்கு வாழும் நீள்நக மூஞ்சூறு ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1850களின் இறுதியில் அவர் இதே திருகோணமலைக் கடலில் ஓடற்ற நத்தைகளைத் தேடித் தேடி வரைந்திருக்கிறார். ஒரே மனிதர், ஒரே கண், அங்கே மூஞ்சூறும் இங்கே கடல் நத்தையும். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது, பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்களைப் பார்த்து நிற்கும் மகளிடம் இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

இனி அவள் கேள்வி: இரண்டும் எலிதானே, பிறகு ஏன் ஒன்றுக்குப் பொறி, மற்றதற்குக் காவல்? வீட்டுச் சுண்டெலி மனிதனோடு வாழப் பழகியது. நம் தானியத்தோடு, நம் கப்பலோடு, உலகம் முழுவதும் போயிருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த மரக்கலங்களின் அடித்தட்டில் எத்தனை எலிகள் வந்திறங்கியிருக்கும்! அது மூன்று வாரத்தில் குட்டி போடும், அந்தக் குட்டி இரண்டு மாதத்துக்குள் தாயாகிவிடும். உங்கள் குசினியில் பத்தைப் பிடித்தாலும் அந்த இனத்துக்கு ஒன்றும் ஆகாது. மேயரின் சுண்டெலிக்கு இந்தத் தீவின் ஈரக் காடுகளைத் தவிர வேறு வீடு இல்லை. அந்தக் காடும் சுருங்கியது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காக மலை மலையாக மரம் வெட்டினார்கள். 1869 முதல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது, அந்த இடத்தில் தேயிலை வந்தது. மிஞ்சிய காடு துண்டு துண்டாக உச்சிகளில் நிற்கிறது. ஒரு துண்டு அழிந்தால், அங்கிருக்கும் எலி தேயிலைத் தோட்டத்தைக் கடந்து அடுத்த துண்டுக்குப் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களில் வைத்திருப்பதற்கு இந்தச் சுருங்கல்தான் பெரிய காரணம். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமையும் ஆனது. அதனால் அந்தப் பகுதிக்குச் சட்டத்தின் காவல் உண்டு. ஆனால் பூங்காவுக்குள்ளேயே பெருந்தொகை மரங்கள் நின்ற நிலையில் பட்டுப்போயிருக்கின்றன. மண்ணா, வறட்சியா, காற்று மாசா என்று பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது, முடிவு வரவில்லை.

இந்த எலியால் நமக்கு என்ன பயன் என்று யாராவது கேட்பார்கள். காட்டு எலிகள் விதைகளை இடம் மாற்றுகின்றன, மண்ணைக் கிளறுகின்றன, ஆந்தைக்கும் கீரிக்கும் உணவாகின்றன. பொதுவாக இது உண்மை. அந்த மலைக்காடு பனிமூட்டத்திலிருந்தே நீரைப் பிடித்து மண்ணில் சொட்டவிடுகிறது என்பதும் உண்மை. ஹோட்டன் சமவெளியில் ஊறும் நீரில் ஒரு பங்கு மகாவலியாகி, 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்குப் பக்கத்தில் நம் கொட்டியாரக்குடாவில்தான் கடலில் சேர்கிறது. படகில் போகும்போது கடல்நீர் கலங்கித் தெரியும் இடத்தை மகளுக்குக் காட்டுங்கள், அந்த எலியின் மலையில் பெய்த மழையும் அதில் உண்டு. ஆனால் அந்த எலி இல்லாவிட்டால் மகாவலி வற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி மிகைப்படுத்திப் பிள்ளைகளைக் காப்பாளர்களாக்க எனக்கு விருப்பமில்லை. பொறியில் விழும் எலி நம் உணவைத் தேடி நம் வீட்டுக்குள் வந்தது. மலை எலி நம் வீட்டுக்கு வந்ததே இல்லை. நாம்தான் கோடரியோடு அதன் வீட்டுக்குள் போனோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும். என் வகுப்புகளில் பெரியவர்களைவிட அவர்களுக்கே முதலில் விளங்கியது.

வீட்டுப் பொறியைப் பற்றியும் ஒரு சொல். பொறி வையுங்கள், அதில் குற்றவுணர்வு வேண்டாம். நஞ்சு மட்டும் வைக்காதீர்கள். இரத்தம் உறையாமல் செய்யும் எலிப் பாஷாணத்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரிகிற சில நாட்களில் ஆந்தையோ அயல்வீட்டுப் பூனையோ அதைப் பிடித்தால், நஞ்சு அங்கும் போகும். அதைவிட முக்கியம் துவாரங்களை அடைப்பது. ஒரு பென்சில் நுழையும் ஓட்டைக்குள் சுண்டெலி நுழையும். எலிக்காய்ச்சல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது எலி உள்ளிட்ட விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இருந்து, தோலில் உள்ள காயங்கள் வழியாகவும் கண், வாய் வழியாகவும் வரும். வயலில் இறங்குகிறவர்களும் வெள்ளத்தில் நடப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். மருத்துவம் என் துறை அன்று. வயல் வேலை தொடங்கும் முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள், காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். காட்டு எலியையும் சரி, வீட்டு எலியையும் சரி, பிள்ளைகள் வெறுங்கையால் தொடக்கூடாது. மலை எலியைப் பிடித்து வளர்க்கலாமா என்று மகள் கேட்டாளாம். கூடாது, சட்டமும் விடாது, அதுவும் நம் வெக்கையைத் தாங்காது.

படத்தைத் திருத்துவதற்குச் சில குறிப்புகள். முதுகில் நிற்கும் முட்களை அழித்துவிட்டு, பின்பக்கமாகப் படிந்த குட்டைக் கோடுகள் போடச் சொல்லுங்கள். கண்ணைச் சிறிதாக்கி, மூக்கைக் கொஞ்சம் நீட்ட வேண்டும். வாலில் மயிர் வேண்டாம். பார்வைக்கு மயிரே இல்லாதது போலத்தான் இருக்கும். முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து. இதைச் சரியாக வரைந்தால் எந்த விலங்கியல் ஆசிரியரும் நிமிர்ந்து உட்காருவார். கரும்பழுப்போடு சிறிது சாம்பல் கலந்து தீட்டட்டும். பின்னணியில் தென்னையை எடுத்துவிட்டு, பாசி படர்ந்த வளைந்த மரம் ஒன்றும், அடியில் பன்னமும், நிறைய உதிர்ந்த இலையும். அளவைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டியதில்லை. அடிமட்டம் வைத்து, உடலுக்கு 10 சென்ரிமீற்றர், பிறகு வால்; ஏ4 தாளில் அந்த விலங்கு உண்மை அளவிலேயே கொள்ளும்.